இரண்டு நிறங்களும் கனடியக் குளிர்காலமும்: வீட்டு அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் குளிர்காலம் நாட்காட்டியின்படி மூன்று மாதங்கள்தான் என்றாலும், வீட்டுக்குள் அது நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கி மார்ச் முடியும்வரை நீடிக்கிறது. அத்தனை காலமும் அடைபட்டுக் கிடக்கப்போகும் வரவேற்பறை கதகதப்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பலர் இரண்டே நிறங்களைத் தெரிவுசெய்து, திரைச்சீலை, தலையணை உறை, நிலவிரிப்பு, சுவர் ஆகிய அனைத்தையும் அவற்றுக்குள் அடக்கிவிட முயல்கிறார்கள். முறை நல்லதுதான், செலவும் குழப்பமும் குறைகின்றன. ஆயினும் கடையில் சூடாகத் தெரிந்த நிறங்கள் வீட்டுக்கு வந்ததும் மங்கி, மண்ணாகவும் சாம்பலாகவும் மாறிவிடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: வெளிச்சத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பே நிறத்தைத் தீர்மானித்துவிடுகிறோம். இங்கே எடுத்துக்காட்டாக செங்கல் சிவப்பையும் கிறீம் நிறத்தையும் வைத்துக்கொள்கிறேன். கடுகு மஞ்சளும் பழுப்பும் போன்ற பிற இணைகளுக்கும் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும்.

டிசம்பர் 21ஆம் திகதியளவில் ரொறன்ரோவின் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவானது. நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம் நீள்கிறது, சூரியனும் ஏறத்தாழ 57 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அந்த ஒளியில் பழகிய கண்ணோடு இங்கே நிறம் தேடுகிறவர்கள், வெயிலுக்கு இதமாக இருந்த அடர்ந்த நிறங்களை அப்படியே கேட்பது இயல்பு. ஆனால் வெயில் இல்லாத அறையில் அடர்ந்த சுவர் ஒளியை விழுங்கிவிடும். வர்ணப்பூச்சு நிறுவனங்கள் பல, ஒவ்வொரு நிறமும் எத்தனை விழுக்காடு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதைக் குறிக்கும் எல்.ஆர்.வி. என்ற எண்ணை நிற அட்டையின் பின்புறத்திலோ தமது இணையதளத்திலோ தருகின்றன. கறுப்புக்கு அது சுழியை ஒட்டியும் வெள்ளைக்கு 100ஐ ஒட்டியும் இருக்கும். அறையின் பெரிய பரப்புகளுக்கு 60க்குக் குறைந்த எண்ணை நான் பரிந்துரைக்க மாட்டேன். செங்கல் சிவப்பின் எண் இதைவிட வெகுதூரம் கீழே இருப்பதால், நான்கு சுவர்களுக்கும் அதைப் பூசுவது பகலிலேயே விளக்கெரிக்க வேண்டிய அறையை உருவாக்கும்.

யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கேளாமல் நிறம் வாங்குவது இதே தவறின் இன்னொரு வடிவம். வடக்கு நோக்கிய அறைக்குள் குளிர்காலத்தில் நேரடி வெயில் வராது. வானத்திலிருந்து வரும் நீலம் தோய்ந்த ஒளிதான் வரும். அந்த ஒளியில் இளஞ்சிவப்புச் சாயலுள்ள கிறீம் சாம்பல் பூத்ததாகவும், பச்சைச் சாயலுள்ளது நோய்பட்டதாகவும் தெரியும். மஞ்சள் சாயலுள்ளது மட்டுமே ஓரளவு தாக்குப்பிடிக்கும். தெற்கு நோக்கிய அறையின் கதை வேறு. தாழ்ந்த குளிர்காலச் சூரியன், 2 மீற்றர் உயரத்தில் மேல்விளிம்பு கொண்ட யன்னல் வழியாக நண்பகலில் நாலரை மீற்றருக்கும் அப்பால் தரையில் ஒளியை வீசுகிறது. அதே யன்னல் வழியாக ஜூன் மாத நண்பகல் வெயில் ஒரு மீற்றர்கூட உள்ளே வருவதில்லை. ஆகவே தெற்கறையில் கோடையில் வெயில் படாத சோபாவும் நிலவிரிப்பும் குளிர்காலத்தில் நேரடி வெயிலில் கிடக்கும். சிவப்புச் சாயங்கள் பல வெயிலில் விரைவாக வெளிறக்கூடியவை என்பதால், அங்கே விலை உயர்ந்த சிவப்பு விரிப்பை யன்னலோரத்தில் போடுவது வீண்செலவு. கிறீமைத் தரைக்கும் சிவப்பை யன்னலுக்கு எதிர்ப்புறமின்றிப் பக்கவாட்டுச் சுவருக்கும் மாற்றினால் போதும்.

கைபேசித் திரையையோ கடையின் கூரை விளக்கையோ நம்பி முடிவெடுக்காமல், சிறிய மாதிரிப் புட்டியொன்றை வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் பூசி, காலையிலும் பிற்பகல் மூன்று மணியளவிலும் விளக்கேற்றிய பிறகும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் நீங்கள் அந்த அறையில் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி விளக்கொளியில்தான் கழியும் என்பதால், மூன்றில் கடைசித் தீர்ப்புக்கே அதிக மதிப்புத் தர வேண்டும்.

இதனாலேயே மின்குமிழ் பற்றிய தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்குமிழ்ப் பெட்டியில் கெல்வின் என்ற அலகில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும்: 2700 என்றால் பழைய இழைக் குமிழின் மஞ்சள் ஒளி, 4000 என்றால் அலுவலக வெள்ளை, 5000 என்றால் நீலம் கலந்த ‘பகலொளி’. பகல் குறைந்த நாட்டில் பகலொளிக் குமிழ் வாங்குவது அறிவுடைமையாகத் தோன்றும். ஆனால் இருண்ட மாலையில் அது சிவப்பைக் கபிலமாக்கி, கிறீமை மருத்துவமனைச் சுவராக்கிவிடும். அதைவிட மோசமானது, பழுதாகும் குமிழ்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஒரே அறையில் 2700உம் 5000உம் கலந்து எரிய விடுவது. அப்போது ஒரே கிறீம் திரைச்சீலை ஒரு மூலையில் மஞ்சளாகவும் மறுமூலையில் நீலமாகவும் தெரிவதால், நீங்கள் தெரிவுசெய்த இரண்டு நிறங்கள் கண்ணுக்கு நான்காகிவிடுகின்றன. ஓர் அறைக்கு ஒரே எண் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2700 அல்லது 3000, எதுவானாலும் எல்லாக் குமிழ்களுக்கும் அதுவே இருக்கட்டும்.

பெட்டியில் இருக்கும் இன்னொரு எண்ணை அநேகர் பார்ப்பதே இல்லை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற அந்த எண், மென்மையான எட்டு நிற மாதிரிகளின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரியாகத் தனியே அளக்கப்படுவதால் சராசரிக்குள் வருவதில்லை. மலிவான எல்.ஈ.டி. குமிழ் 80 என்ற மதிப்பெண்ணை எளிதாகப் பெற்றுவிட்டு, சிவப்பில் மட்டும் தோற்றுப்போகக்கூடும்; அதன் கீழே செங்கல் சிவப்பு விரிப்பு உயிரற்ற பழுப்பாகக் கிடக்கும். சிவப்பை நம்பி அறையை அமைப்பவர் 90க்கு மேற்பட்ட குமிழைத் தேடுவதும், ஆர்9 என்ற தனி மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பார்ப்பதும் நல்லது. விலை வித்தியாசம் ஒரு தலையணை உறைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒளி போதாமையும் சிவப்பைத்தான் முதலில் தாக்குகிறது. வெளிச்சம் குறையக் குறைய நம் கண் சிவப்பு ஒளிக்கான கூர்மையை முதலில் இழந்து, நீலப் பச்சைக்கான கூர்மையை நெடுநேரம் வைத்திருக்கும். செக் நாட்டு உடலியலாளர் பர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முதற்காற்பகுதியில் இதைக் கவனித்துச் சொன்னதால் இவ்விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அந்திப் பொழுதில் செம்பருத்திப்பூ கறுத்து, இலை மட்டும் வெளுத்துத் தெரிவதும் இதனால்தான். இதமான சூழல் வேண்டும் என்று ஒரே ஒரு மங்கல் விளக்கை ஏற்றி வைத்தால், அறையிலுள்ள சிவப்பெல்லாம் கறுப்பாகத் தோன்றத் தொடங்கிவிடும். கூரையில் ஒற்றை விளக்கை எரிய விடுவதைக் காட்டிலும், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் மூன்று சிறு விளக்குகளை வெவ்வேறு மூலைகளில் வைத்து, அவற்றுள் ஒன்றைச் சிவப்புப் பொருளுக்கு மிக அருகில் அமைப்பதே இதற்கு மாற்று.

அடுத்தது அளவு. இரண்டு நிறம் என்றதும் பாதிக்குப் பாதி பிரிப்பது பரவலான தவறு. கோவில் மதிலில் சிவப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் சம அகலத்தில் மாறிமாறி வருவது அழகாக இருப்பதற்கு அந்த மதிலின் நீளமும், நாம் நிற்கும் தூரமும், மேலே எரிக்கும் வெயிலும் காரணங்கள். பன்னிரண்டடி அறையில் அதே சமநிலை கண்ணை எங்கும் தங்கவிடாது. இதற்கான பாடத்தை ரொறன்ரோவின் தெருவிலேயே பார்க்கலாம். கபேஜ்டவுன் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் சுவர் முழுவதும் சிவப்புச் செங்கல். யன்னல் வளைவுகள், மூலைகள், இடையே ஓடும் ஒரு கிடைப்பட்டை ஆகியவற்றில் மட்டும் வெளிர்மஞ்சள் செங்கல். இரண்டும் சூடான நிறங்கள். ஒன்று ஆள்கிறது, மற்றது விளிம்பு கட்டுகிறது. வெயிலில் நிற்கும் வெளிச்சுவருக்கு சிவப்பு ஆளலாம். அறைக்குள் வரிசையைத் தலைகீழாக்கி கிறீமுக்கு முக்கால் பங்கும் சிவப்புக்குக் கால் பங்கும் கொடுப்பதே இங்குள்ள ஒளிக்கு ஏற்றது. அந்தக் கால் பங்கையும் அறை முழுவதும் தூவிவிடாமல், இரண்டு மூன்று இடங்களில் திரட்டி வைக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நிறத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. அண்மைக்காலத்தில் புதுப்பிக்கப்பட்ட வீடுகள் பலவற்றில் சாம்பல் நிற லமினேற் தரையும், பளிச்சென்ற வெள்ளை நிறத்தில் கதவு நிலைகளும் சுவரடிப் பலகைகளும் இருக்கின்றன. சாம்பல் தரை குளிர்ந்த நிறம். பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் கிறீம் அழுக்கேறிய வெள்ளையாகத் தெரியும். தரையை மாற்றுவது எளிதல்ல என்பதால், அமர்வதற்கான பகுதியை முழுமையாக மூடும் அளவுள்ள விரிப்பை, சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் நிற்கும்படி, போட்டுவிட வேண்டும். நடுவில் மேசைக்கு அடியில் மட்டும் கிடக்கும் சிறு விரிப்பு சாம்பலை மறைக்காது, சுட்டிக்காட்டும். பலகைகளுக்குச் சுவரின் அதே கிறீமைச் சற்றே மினுக்கமான பூச்சில் அடித்தால் வெள்ளையின் தொல்லை தீர்ந்துவிடும்.

கடையில் ஒரே தொகுதியாக விற்கும் உறை, திரைச்சீலை, போர்வை ஆகியவற்றை மொத்தமாக வாங்குவது வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் அறை தங்கும் விடுதி போலாகிவிடும். இரண்டு நிறம் என்பதற்கு இரண்டே சாயல் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. சிவப்பிலேயே துருவின் ஆழமும் சுட்ட மண்ணின் வெளிறலும், கிறீமிலேயே கோராப் பருத்தியின் நிறமும் தந்தத்தின் நிறமும் சேரலாம். நிறம் குறையும்போது அந்த இடத்தை இழைதான் நிரப்ப வேண்டும்: தடித்த கம்பளிப் பின்னல், வரிவெல்வெட், கரடுமுரடான லினன். மலிவான செயற்கை இழைப் போர்வைகளை இதில் தவிர்க்கச் சொல்வதற்கு அழகுக்கு அப்பாலும் காரணமுண்டு. வெப்பக்காற்றை ஊதும் உலை வீட்டுக் காற்றை உலர்த்திவிடுவதால், அவை உராய்ந்து மின்னேற்றம் பெற்று, கதவுப்பிடியைத் தொடும்போதெல்லாம் சுளீரென்று உறைக்க வைக்கும். உலோகத்தை இந்தக் கணக்கில் மூன்றாவது நிறமாக எண்ணத் தேவையில்லை. சாமியறைக்கு வெளியே நிற்கும் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, கடைப் பொன்மினுக்கல்கள் பத்தைவிட இந்த இணைக்கு நன்றாகப் பொருந்தும்.

பளிச்சென்ற சிவப்பும் தூய வெள்ளையும் வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. நத்தார் முடிந்த மறுவாரமே அது கழற்ற மறந்த அலங்காரமாகிவிடும். தேசியக் கொடியின் நினைவும் வரும். துருவும் கிறீமும் தைப்பொங்கலைக் கடந்து மார்ச் வரை உறுத்தாமல் நிற்கும்.

அழகுக்காகச் செய்வது வெப்பத்தைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. தரையில் உள்ள வெப்பக்காற்றுத் துளையை விரிப்பாலோ சோபாவாலோ மூடிவிட்டால், கதகதப்பாகத் தோன்றும் அந்த அறைதான் வீட்டிலேயே குளிர்ந்த அறையாக இருக்கும். சுவரடி மின்சூடாக்கியின்மேல் திரைச்சீலை தொங்குவது தீவிபத்துக்கு வழி. அங்கே சீலை யன்னலடியோடு முடிய வேண்டும். தனியாக வைக்கும் சூடாக்கியிலிருந்து துணி, தளபாடம் எல்லாமே ஒரு மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். தடித்த திரைச்சீலையை இரவும் பகலும் மூடியே வைத்தால், அறையின் வெப்பம் கண்ணாடியை எட்டாமல் கண்ணாடி மேலும் குளிர்ந்து, சமையலிலும் குளியலிலும் எழும் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். சில வாரங்களில் நிலையடியில் கரும்பூஞ்சணமும் சீலையின் ஓரத்தில் கறையும் தோன்றும். பகலில் விலக்கி வைப்பதும், வீட்டின் ஈரப்பதத்தை 30 முதல் 40 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பதும் இரண்டையும் தடுக்கும்.

நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சுவரில் வர்ணம் பூச அனுமதி கிடைப்பது அரிது. சிறிய, உயரமான யன்னலின் அளவுக்கே சீலை போடுவது அவர்கள் செய்யும் தவறு. கம்பியைக் கூரைக்கு அருகில் பொருத்தி, கிறீம் நிறச் சீலையை யன்னலின் இருபுறமும் அகலமாகத் தரைவரை தொங்கவிட்டால், ஒரு சுவர் முழுவதும் நிறம் மாறிவிடும். கழற்றும்போது மிஞ்சுவது அடைக்கக்கூடிய நான்கு துளைகள்தான்.

கடைசியாக, வாசல். நிறப் பொருத்தத்துக்காக அங்கேயும் கிறீம் கால்மிதியைப் போடுகிறவர்கள் முதல் வெண்பனியோடு மனம் மாறுவார்கள். சேற்றுப்பனி அதைப் பழுப்பாக்கும். அடர்ந்த ஒற்றைச் சிவப்பைப் போட்டாலோ வீதியில் தூவும் உப்பு உலர்ந்து வெள்ளைப் படிவாகத் தெரியும். இரண்டு நிற நூலும் கலந்து நெய்த புள்ளி விரிப்பு இரண்டையும் மறைக்கும். அதற்கு முன்னால் சப்பாத்துகளுக்கு விளிம்புள்ள இறப்பர்த் தட்டொன்றை வைத்துவிட்டு, மீறிப் படியும் உப்புக் கறையை, வெள்ளை வினாகிரியும் இளஞ்சூட்டு நீரும் சம அளவில் கலந்து நனைத்த துணியால் ஒற்றி எடுக்கலாம். கம்பளி விரிப்பாயின் ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.