அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பாதுகாப்பு: படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நெருப்பன்று, புகையே. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பற்றிய தீயின் புகை மேலேறி, மேல்மாடி விடுதியில் தங்கியிருந்தோரில் 8 பேரின் உயிரைக் குடித்தது. ஆகையால் குடியிருப்போர் சங்கம் முதலில் பார்க்க வேண்டியது தீயணைப்பானை அன்று, படிக்கட்டைத்தான்.

சென்னையின் மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரே படிக்கட்டுதான் உண்டு. அதன் அடியிலேயே எல்லா வீடுகளின் மின் மீட்டர்களும் இருக்கும். அருகில் பழைய செய்தித்தாள் கட்டுகளும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டரும் நிற்கும். வெளியேற இருக்கும் ஒரே வழியின் வாசலிலேயே தீ தொடங்குவதற்கு இதைவிட ஏற்ற அமைப்பு வேறில்லை. மீட்டர் பலகையைச் சுற்றி ஒரு பொருளும் இல்லாதபடி அகற்றுங்கள். சூடேறிய வயர்களையும் கருகிய இணைப்புகளையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள். ஸ்கூட்டர் சார்ஜ் செய்யும் இடத்தைப் படிக்கட்டிலிருந்து விலக்கி, திறந்தவெளியில் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் செருப்பு அலமாரியை உள்ளே எடுக்கச் சொன்னால் அண்டை வீட்டார் வருந்தக்கூடும். அப்போதும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது பூட்டு. திருட்டுக்கு அஞ்சி இரவில் பூட்டும் கிரில் கேட்டின் சாவி காவலாளியிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். பால்கனி கிரிலில் ஒரு பகுதியாவது திறக்கும்படி இருப்பது நல்லது.

தளத்துக்கு ஓர் ஏ.பி.சி. பவுடர் (பலவகைத் தீக்கும் பயன்படும்) தீயணைப்பான் வையுங்கள். அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். பயன்படுத்தும்போது கைப்பிடியில் உள்ள பாதுகாப்பு ஊசியை இழுத்துவிட்டு, தீயின் அடிப்பகுதியை நோக்கி, வெளியேறும் வழி உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று அடியுங்கள். எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே சென்று 1906-ஐ அழையுங்கள்.

தீயைக் கண்டவர் உரக்கக் கத்தி மற்றவர்களை எழுப்பிவிட்டு, 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். லிஃப்டைத் தொடாதீர்கள். வெளியேறும்போது வீட்டுக் கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். சாத்திய கதவு புகையை நெடுநேரம் தடுக்கும். படிக்கட்டே புகையால் நிறைந்திருந்தால் இறங்க முயலாமல் வீட்டுக்குள் திரும்பி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, பால்கனிக்கோ ஜன்னலருகிலோ சென்று, எந்த மாடி, எந்த வீடு என்று தீயணைப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.

தனியே இறங்க இயலாத முதியவர்கள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்போர் யார் என்று தளவாரியாகக் குறித்துவைத்து, ஒவ்வொருவருக்கும் துணையாக இருவரை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்துங்கள். அதில் ஒன்றாவது இரவில், பொது விளக்குகளை அணைத்துவிட்டு நடக்கட்டும், ஏனெனில் ஞாயிறு காலை வெளிச்சத்தில் இறங்கிப் பார்ப்பது இருட்டில் தடுமாறும் இடங்களைக் காட்டாது. அனைவரும் கூடும் இடம் வாயிலருகே இருக்க வேண்டாம். தீயணைப்பு வண்டி அவ்வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.