சி5 கார்வெட்டில் இன்டேக், த்ராட்டில் பாடி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் ஆலையிலிருந்து 1997 முதல் 2004 மாடல் வரை வந்த சி5 கார்வெட், வீட்டு கராஜில் நாமே வேலை பார்க்க நல்ல கார். 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜின் சிக்கலில்லாதது. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இந்தக் காரை வாங்குபவர்களில் பலர் முதலில் கை வைப்பது காற்று உள்ளே போகும் வழியில்தான். தவறுகள் அதிகம் நடப்பதும் அங்கேதான். துளையைப் பெரிதாக்கினால் பவர் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் பெரும்பாலும் காரணம். உள்ளே போன காற்று எவ்வளவு என்று இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு பெரிய துளை வைத்தும் பயனில்லை.

தடை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே பெரிய த்ராட்டில் பாடியை (பெடலுக்கு ஏற்பத் திறந்து மூடும் தகடு உள்ள காற்று வாயில்) வாங்குவதில்தான் பலருடைய தவறு ஆரம்பிக்கிறது. எல்எஸ்1-இல் கம்பெனியே வைத்திருப்பது 75 மி.மீ. த்ராட்டில் பாடி. 6,000 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு அதிகபட்சமாக 17,000 லிட்டர் காற்றை இழுக்கும். இந்த 75 மி.மீ. அதற்குப் போதுமா? யூகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் பின்பக்கம் இருக்கும் மேப் சென்சார் உள்ளே உள்ள அழுத்தத்தைக் காட்டும். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்றால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், டென்வர் மாதிரி உயரமான ஊரில் 83-ஐ ஒட்டி இருக்கும். அப்புறம் ரேஸ் டிராக்கிலோ டைனோவிலோ (காரை நிறுத்திவைத்தே பவரை அளக்கும் உருளை மேடை) பெடலை முழுதாக அழுத்தி, 6,000 ஆர்பிஎம் வரை அதே எண்ணைப் பதிவு செய்யுங்கள். 100 என்பது 98 ஆனால், ஃபில்டர், குழாய், காற்றை அளக்கும் மாஃப் சென்சார், த்ராட்டில் பாடி எல்லாமே சேர்ந்து தடுப்பது அவ்வளவுதான். அங்கே பணம் போடுவது வீண். 92, 93 என்று இறங்கினால் தடை இருப்பது உறுதி. அப்போதும் முதலில் ஃபில்டரையும் குழாயையும் பாருங்கள், த்ராட்டில் பாடி அதற்குப் பிறகு.

“பெரிய த்ராட்டில் பாடி போட்டதும் கார் பறக்கிறது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 75 மி.மீ. துளையைவிட 90 மி.மீ. துளைக்குப் பரப்பு 44 சதவீதம் அதிகம். பெடலை லேசாகத் தொட்டாலே முன்பைவிட அதிகக் காற்று போவதால் கார் துள்ளும். முழுதாக அழுத்தும்போது கிடைக்கும் உச்சபட்ச பவர் என்னவோ பழையபடியே இருக்கலாம். அந்தத் துள்ளலைப் பவர் என்று எண்ணிவிடக் கூடாது. நெரிசலான சாலையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது அதுவே தொல்லையாகிவிடும்.

பாகம் பொருந்துமா என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். சி5-க்கு 1997-லிருந்தே எலக்ட்ரானிக் த்ராட்டில். அதே காலத்து கமாரோவில் இருந்த எல்எஸ்1-க்குக் கேபிள். ஆகவே கமாரோ த்ராட்டில் பாடி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் உதவாது. 2005-இல் வந்த எல்எஸ்2-இன் 90 மி.மீ. த்ராட்டில் பாடிக்கு நான்கு போல்ட், எல்எஸ்1 மேனிஃபோல்டுக்கு மூன்று. மின் இணைப்பும் வேறு. சி5-இல் த்ராட்டிலை இயக்கத் தனி மாடியூல் உண்டு, அதோடு பேசத் தெரிந்த த்ராட்டில் பாடிதான் வேண்டும். இன்னொன்று: சாவி ஆன் நிலையில் இருக்கும்போது எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்கவே கூடாது. மோட்டார் சட்டென்று மூடினால் விரல் நசுங்கும்.

எல்எஸ்6 மேனிஃபோல்டு என்றால் எல்லோருக்கும் ஆசை. கார்வெட்டின் அதிவேக வகையான இசட்06-இல் வந்தது அல்லவா? ஆனால் 2001-லிருந்து சாதாரண எல்எஸ்1 கார்வெட்டுக்கும் அதே மேனிஃபோல்டைத்தான் ஆலையிலேயே பொருத்தினார்கள். 345 குதிரைத்திறன் அந்த ஆண்டு 350 ஆனது. 2001 அல்லது அதற்குப் பிந்தைய காரை வைத்துக்கொண்டு எல்எஸ்6 மேனிஃபோல்டைத் தேடி அலைபவர்கள், தங்களிடம் இருப்பதையே மறுபடி வாங்குகிறார்கள். 1997–2000 கார்களுக்கு அது பயனுள்ள மாற்றம்தான். ஆனால் அதன் அடிப்பகுதி சற்றுக் கீழே இறங்கியிருக்கும். பழைய கூலன்ட் குழாய்கள் இடிக்கும், கீழே இன்ஜினின் நடுப்பள்ளத்தை மூடும் தகட்டையும் (வேலி கவர்) மாற்ற வேண்டி வரலாம். இவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் நின்றுபோன வேலையில் எதையாவது அரத்தால் தேய்த்துச் சமாளிக்கத்தான் தோன்றும்.

இப்போது மாஃப் சென்சாருக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சூடான மெல்லிய கம்பியைக் காற்று குளிர்விக்கும் அளவை வைத்து, உள்ளே போகும் காற்றின் எடையைக் கணக்கிடும் கருவி இது. அந்தக் கணக்கு குறிப்பிட்ட விட்டமுள்ள கூட்டுக்காகப் போடப்பட்டது. அதே கம்பியை அகலமான குழாயில் வைத்தால் காற்றின் வேகம் குறையும். கம்ப்யூட்டரும் காற்று குறைவு என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். மிதமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார்கள் இதைத் திருத்திவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பெடலை முழுதாக அழுத்தியதும் அந்தத் திருத்தம் நின்றுவிடும். அதிகச் சூடும் சுமையும் உள்ள அந்த நேரத்தில் இன்ஜின் பெட்ரோல் போதாமல் ஓடும். பிஸ்டன் போவது இப்படித்தான்.

பழைய மாஃப் சென்சாரின் முகப்பில் உள்ள கம்பி வலையைப் பிடுங்கி எறிவதும் இதே வகைத் தவறு. வலை தடுக்கிறது என்று சொல்வார்கள். அது காற்றைச் சீராக்கி அனுப்பத்தான் இருக்கிறது. எடுத்துவிட்டால் அளவீடு ஆட ஆரம்பிக்கும். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரில் எண்ணெயை அள்ளிப் பூசினால் அது கம்பியில் படியும். ஆகவே அளவாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். மாஃப் சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். விரலோ துணியோ அந்தக் கம்பியில் படக் கூடாது.

மேனிஃபோல்டைக் கழற்றும் முன் எரிபொருள் பாதையில் உள்ள அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அது ஏறக்குறைய 4 பார். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருக்கும். அதன் சிறு சுடரை மறந்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

மேனிஃபோல்டின் விளிம்பைச் சுற்றி வருடக்கணக்கில் சேர்ந்த மணலும் சருகும் இருக்கும். போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே வாக்குவம் கிளீனரால் அதை உறிஞ்சி எடுங்கள். தூக்கிய மறுகணமே எட்டுத் துளைகளையும் மூடிவிடுங்கள். உள்ளே விழும் ஒரு சிறு நட்டு ஹெட்டையே கழற்ற வைத்துவிடும். எல்எஸ்1-இல் இன்ஜின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சார்கள் இரண்டும் மேனிஃபோல்டுக்கு அடியில், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் இறங்கித் துருப்பிடிப்பது தெரிந்த கதை. மறுபடி இவ்வளவும் பிரிக்காமல் இருக்க, கையோடு மாற்றிவிடுவது நல்லது.

மாட்டும்போது நடக்கும் பெரிய விபத்து, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில். மேனிஃபோல்டு நைலான் கலந்த பிளாஸ்டிக். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும்: முதலில் 5 நியூட்டன் மீட்டர், பிறகு 10. கையேட்டில் இது 89 பவுண்டு-இன்ச் என்று இருக்கும். அதைப் பவுண்டு-அடி என்று படித்துவிட்டால் பன்னிரண்டு மடங்கு. போல்ட் முறியும், இல்லையென்றால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்சை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். கேஸ்கெட் புதிது போடுங்கள்.

த்ராட்டில் பாடி வழியாக ஓடும் சூடான கூலன்ட் காற்றைச் சூடாக்குகிறது என்று அந்தக் குழாயையே அடைத்துவிடுகிறார்கள். கிடைக்கும் பலன் அற்பம். ஹெட்டில் சேரும் நீராவி வெளியேறும் வழியும் அதுதான், அடைத்தால் அது உள்ளேயே தங்கும். த்ராட்டில் பாடியை விலக்கித்தான் ஆக வேண்டுமென்றால் குழாயின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணையுங்கள், அடைக்காதீர்கள். குளிரும் ஈரமும் உள்ள ஊரில் அதுவும் வேண்டாம், தகட்டில் பனி பிடிக்கும்.

காற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பானட்டுக்குள் மறைப்பில்லாத ஃபில்டரை வைத்தால் சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் காற்றின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினாலே அடர்த்தி 3 சதவீதம் போல் குறைந்துவிடும். எதிர்ப்பக்கமாக, குளிர்ந்த காற்றுக்காக மூக்குக்குக் கீழே தாழ்வாக வாய் வைத்தால், மழைத் தேக்கத்தில் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். மழை அதிகம் உள்ள ஊரில் நான் தாழ்வான வாயைப் பரிந்துரைக்க மாட்டேன். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள், அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உள்ள பாகமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் புகைச் சோதனையில் கண்ணால் பார்த்தே நிறுத்திவிடுவார்கள்.

எல்லாம் மாட்டி, கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக நேராக நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். இன்ஜின் சூடானதும் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம்மைப் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவு; ப்ளஸ் என்றால் கூட்டுகிறது) பாருங்கள். ஐடிலில் மட்டும் நிறைய ப்ளஸ் காட்டி, ஆர்பிஎம் ஏறும்போது சரியாகிறதா? எங்கோ ஒரு கேஸ்கெட்டோ வாக்குவம் குழாயோ காற்றை உள்ளே விடுகிறது. பிரேக் பூஸ்டர் குழாயிலிருந்து தேட ஆரம்பியுங்கள். சுமை ஏற ஏற ப்ளஸ்ஸும் கூடுகிறதா? மாஃப் சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் வந்தால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முழு த்ராட்டிலுக்கு ட்ரிம்மை நம்ப முடியாது, காற்று–பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேனிஃபோல்டோ மாஃப் சென்சாரோ மாறியிருந்தால், புதிய பாகத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தி ட்யூன் செய்து முடிக்கும் வரை பெடலை முழுதாக அழுத்தாதீர்கள்.