மேல்காற்றில் 200 கி.மீ. சைக்கிள்: 12 வாரப் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி?

பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் ஓட்டுகிறவர்கள் பயிற்சித் திட்டத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று கிலோமீட்டர் கணக்கைப் பொய்யாக்கிவிடும்.

200 கி.மீ. பிரெவேயின் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) நேர வரம்பு 13 மணி 30 நிமிடம். டீ, சாப்பாடு, பஞ்சருக்கு ஒன்றரை மணி நேரம் போனாலும், மிதிக்கும்போது 17 கி.மீ. வேகம் இருந்தால் போதும். வேகத்தைவிட நாள் முழுக்கத் தாங்குவதுதான் கஷ்டம். சீட் உயரம், ஹெல்மெட் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. வாரத்தைப் பிரிப்பது

செவ்வாய் 60 நிமிடம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டும் அளவு. வியாழன் 50 நிமிடம்: 15 நிமிடம் சூடேற்றல், 3 நிமிடக் கடும் மிதி ஐந்து, இடையிடையே 3 நிமிடம் இளைப்பாறல், கடைசி 8 நிமிடம் மெதுவாக. சனி 45 நிமிடம் சும்மா உருட்டல். ஞாயிறு நீண்ட ஓட்டம், முதல் வாரம் இரண்டரை மணி நேரம். மற்ற நாட்கள் ஓய்வு.

2. பாரம் கணக்கிடுவது

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஓட்டி முடித்து அரை மணி கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 10க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். அதை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய பாரம் கிடைக்கும். முதல் வாரம் இப்படி வரலாம்: 60×3, 50×6, 45×2, 150×4. மொத்தம் 1170. அடுத்த வாரம் இது 1290ஐத் தாண்ட வேண்டாம், அதாவது பத்து சதவீத ஏற்றம்.

ஆடி மாதம் பாலக்காடு பக்கம் 40 கி.மீ. போனால் மேல்காற்றில் வேகம் 16க்கு இறங்கும். 150 நிமிடம், கஷ்டம் 6, பாரம் 900. திரும்பும்போது காற்றே தள்ளும்: 80 நிமிடம், கஷ்டம் 2, பாரம் 160. தூரம் இரண்டுக்கும் ஒன்றே, பாரம் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! 20 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகிவிடும். அதனால் எதிர்க்காற்றில் கியரைக் குறையுங்கள், வேகம் விழட்டும். மிதி நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையக் கூடாது. கணக்கை மீறிய ஞாயிறு வந்துவிட்டால், செவ்வாய் ஓய்வு, வியாழன் கடும் மிதி ரத்து.

மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் வைத்திருந்தால் சராசரி வேகத்தைப் பார்க்காதீர்கள்; அதைப் பார்த்தாலே கால் தானாக அழுத்தும்.

3. நீட்டுவது

பாரத்தை மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்குங்கள். ஞாயிறு ஓட்டத்தின் உச்சம் ஏழு மணி நேரம், ஒன்பதாவது அல்லது பத்தாவது வாரத்தில். 200ஐ முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது வீண் களைப்பு. ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் ஆசை காட்டும்தான். எட்டாவது வாரத்துக்கு முன்னால் வேண்டாம்.

4. திசை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை ஐந்துக்கே மேற்கே கிளம்புங்கள். மதியம் காற்று வலுக்கும்போது அது முதுகில் இருக்கும். கீழ்காற்று அடிக்கும் டிசம்பர், ஜனவரியில் முதல் பாதி உடுமலை பக்கம்.

5. சாப்பாடு

முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நேந்திரம்பழத்தில் ஏறக்குறைய 40 கிராம் உண்டு. பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது.

*பிறகு சேர்த்தது:* இளநீர் குடித்தும் கால் பிடிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உப்பு மட்டுமே காரணமில்லை. பழகாத வேகத்தில் மிதித்துக் களைத்த தசையும் பிடிக்கும், முக்கியமாக முதல் 50 கி.மீ.யில் கூட்டத்தோடு பறந்தவர்களுக்கு.

கடைசி வாரம் பாரத்தைப் பாதியாக்குங்கள். புது டயர், புது சீட், புதுச் செருப்பு எதையும் அந்த வாரம் மாட்டாதீர்கள். டயரின் உள்பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் உடைந்து உள்ளேயே நின்றிருந்தால் புது டியூபையும் குத்திவிடும்.