கான்பான் போர்டு: கட்டத்தின் தலையில் எண் எழுதுங்கள்

ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டில் எழுதி, அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒட்டி வைக்கும் பலகைதான் கான்பான் போர்டு. ஆனால் மூன்று கட்டம் போட்டு கார்டுகளை ஒட்டிவிட்டால் அது வெறும் வேலைப் பட்டியல்தான். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை கார்டு இருக்கலாம் என்ற வரம்புதான் கான்பானுக்கு உயிர். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறையின் சாரமும் இதுவே: அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் பாகத்தைச் செய்யும்.

பெங்களூரில் நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர் உள்ள டீம் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்கள்: தயார், கோடிங், ரிவ்யூ, டெஸ்டிங், ரிலீஸுக்குக் காத்திருப்பவை, லைவ். ரிவ்யூவை, அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்ப்பதை, தனியாகப் பிரித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் "கோடு முடிஞ்சாச்சு, ரிவ்யூதான் பாக்கி" என்று நாலு நாளாகக் கிடக்கும் கார்டு யார் கண்ணிலும் படாது.

வரம்பு: கோடிங் 4, ரிவ்யூ 2, டெஸ்டிங் 2, காத்திருப்பவை 2. மொத்தம் 10. வாரத்துக்கு 5 கார்டு முடிகிறது என்றால், ஒரு கார்டு லைவுக்குப் போக சராசரியாக 2 வாரம். அதே வேகத்தில் 20 கார்டைத் திறந்து வைத்தால் 4 வாரம். திறந்திருக்கும் கார்டுகளை வார வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் சராசரி காலம்; 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இது.

டெஸ்டிங் நிரம்பிவிட்டால் அதன் பின்னால் ரிவ்யூவும் கோடிங்கும் நிரம்பும். கை காலியான டெவலப்பர் புதுக் கார்டை எடுக்கக்கூடாது. டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், டெஸ்டிங்கில் வந்த பக்கை (பிழையை) சரிசெய்யலாம். பெரும்பாலான டீம்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்: "இந்த ஒரு தடவை மட்டும்" என்று வரம்பை 2இலிருந்து 3 ஆக்குவார்கள். வரம்பை மாற்றியே ஆகவேண்டும் என்றால், இரண்டு வாரமாவது பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். போர்டை கம்ப்யூட்டரில் வைக்க உதவும் ஜிரா மென்பொருளில் வரம்பு மீறினால் கட்டம் சிவப்பாகும், ஆனால் கார்டைத் தடுக்காது. தடுக்க வேண்டியது டீம்தான்.

டெஸ்டிங்கில் பக் வந்த கார்டைக் கோடிங்குக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். சிவப்பு அடையாளத்தோடு அங்கேயே இருக்கட்டும். திருப்பினால் டெஸ்டிங்கில் இடம் காலியாகி, பழைய வேலை முடியாமலே புதுசு உள்ளே வந்துவிடும்.

கார்டில் "பேமென்ட் ஃபெயிலானால் ரீட்ரை பட்டன்" என்பதுபோல் ஒரே வரி, கோடிங் தொடங்கிய தேதி. தினமும் காலையில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே கட்டத்தில் ஐந்து புள்ளி சேர்ந்தால் அந்தக் கார்டைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரி சிறு கூட்டத்தில்) ஆள் ஆளாகக் கேட்காமல், லைவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டிலிருந்து இடதுபக்கமாக வாருங்கள். 15 நிமிஷத்தில் முடியும்.

அவசர வேலைக்கு மேலே தனி வரிசை; அதற்கு வரம்பு 1.

ரிலீஸை வியாழன் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வெள்ளி சாயங்காலம் பாதி டீம் மடிவாளாவில் சேலம், மதுரை பஸ்ஸுக்கு நிற்கும். ராத்திரி பத்து மணிக்குப் பேமென்ட் நின்றுபோனால், ஓசூர் ரோட்டில் பஸ்ஸுக்குள் இருந்து ரோல்பேக் செய்வது, அதாவது பழைய வெர்ஷனுக்குத் திருப்புவது, பெரும்பாடு.