நாய்க்குட்டியை மருந்தாக வாங்கிக் கொடுப்பவர்களுக்கு

பினாங்கில் கைவிடப்பட்ட நாய், பூனைகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிறோம். புதிதாகப் பிராணி வளர்க்க வருகிறவர்கள் நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தடுப்பூசி போடுங்கள், சாக்லேட் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அம்மாவைக் கேட்காமல் குட்டியை இறக்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அப்பா தவறிப்போயிருப்பார், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள், அம்மா இங்கே தனியாக. நாய் வளர்த்தால் பிரஷர் குறையும், மனசு லேசாகும் என்று எங்கோ படித்துவிட்டு தீபாவளிக்குக் குட்டியும் கையுமாக வந்து நிற்பார்கள்.

படித்தது பொய்யில்லை. 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இதய நோயாளிகளை ஓராண்டு கவனித்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள், வளர்க்காத 39 பேரில் 11 பேர். ஆனால் நாய் வந்ததால் தெம்பு வந்ததா, தெம்பு இருப்பவர்கள்தான் நாய் வளர்க்கிறார்களா என்பதை இந்த மாதிரிக் கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க இதய சங்கமும் 2013இல், நாய் வளர்ப்பதால் இதய நோய் அபாயம் குறையக்கூடும் என்று சொன்ன கையோடு, அதையே முக்கிய நோக்கமாக வைத்துப் பிராணி வாங்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டது. இந்த இரண்டாவது பாதி மட்டும் குடும்ப வாட்ஸ்அப்பில் வருவதே இல்லை.

ஆயர் ஈத்தாமில் ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர். மகன் லாப்ரடோர் குட்டி கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். குட்டி வளர்ந்து, கயிற்றைப் பிடித்தால் அவரையே இழுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு வந்ததும் வெளியே கூட்டிப்போவது நின்றது, அப்புறம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே. ஒருநாள் காலையில் அது பெய்து வைத்திருந்த ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "அண்ணே, நாயைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா" என்று மகன் போன் பண்ணினார், நான் போனேன். வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கையால் சோற்றில் கோழி ஈரலைப் பிசைந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. "இவன் வந்தப்புறம்தான் தம்பி வீட்டுல பேச்சுக்குரலே கேட்டுச்சு" என்றார். நன்மை நடந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். இதே அம்மாவிடம் முதலிலேயே கேட்டு, ஓடியாடி முடித்த ஏழெட்டு வயது நாயையோ, சாதுவான பூனையையோ கொடுத்திருந்தால் கையும் முறிந்திருக்காது, நாயும் வீடு மாறியிருக்காது.

ஆகவே வாங்கித்தான் தீருவேன் என்றால் சில கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது? அம்மா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் சோறு வைப்பது யார்? மாதச் செலவு யார் பையிலிருந்து? "அதெல்லாம் அம்மா பார்த்துக்குவாங்க" என்று சொல்பவருக்கு நாங்கள் பிராணி கொடுப்பதில்லை.

கொண்டோவில் கேட்காமல் வளர்ப்பது

பல அடுக்குமாடிகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. நிர்வாகத்திடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். புகார் வந்தபிறகு நாயைக் கொண்டுபோய் மார்க்கெட் ஓரம் இறக்கிவிடுவது 2015 விலங்கு நலச் சட்டத்தில் மாட்டிவிடும் வேலை. கொடுமை என்று நிரூபணமானால் அபராதமே 20,000 வெள்ளியில்தான் தொடங்கும், ஒரு லட்சம் வரை போகும், சிறையும் உண்டு.

பினாங்கு வெயிலில் பனிநாட்டு ஹஸ்கி நாய்

வேண்டாம்.

கர்ப்பம் என்றதும் பூனையை விரட்டுவது

மாமியார் சொல்கிறார் என்று பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் கழிவில் வந்தாலும், தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். கணவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். வேகாத இறைச்சியிலிருந்தும் அதே கிருமி வரும், அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

பிறாண்டலுக்கு மஞ்சள்

வெளியே சுற்றும் பூனை பிறாண்டிய இடம் ஆறாமல், கை நெடுக முடிச்சு முடிச்சாக வீங்கினால் அது ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; மலேசியாவில் பூனைகளிடமிருந்து பரவுவது தெரிந்ததுதான். மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். கிளினிக்கில் நுழைந்ததும் பூனை பிறாண்டியதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சாதாரணப் புண்ணுக்குரிய மருந்தோடு திரும்பி வருவீர்கள்.