கோன் பில்டர் வாங்க முன் நாலு மீற்றர் ரியூப் வாங்குங்கள்

நான் கார் மெக்கானிக் இல்லை, ஏசி வேலை செய்பவன். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஏசிகளும் மீன்காரரின் ஐஸ் அறைகளும்தான் இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் காற்று ஒரு பில்டருக்குள்ளால் போகும்போது எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று கேட்டால் அளந்து சொல்வேன். ஏசியில் பாதி வேலை அதுதானே.

அக்காவின் மகன் தன் 121 கொரோலா காரில் ஒரு கோன் பில்டரை (பெட்டி இல்லாமல் திறந்திருக்கும் கூம்பு வடிவக் காற்றுப் பில்டர்) பூட்டிக்கொண்டு வந்தது 2022இல். கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலம் அது. கம்பனி பூட்டிய கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயும் நுனியில் சிவப்புப் பில்டரும். "மாமா, ஏறுங்கோ, வித்தியாசத்தைப் பாருங்கோ" என்றான். உவர்மலை ஏற்றத்தில் மிதித்தபோது, தடிமன் பிடித்தவன் மூக்கால் மூச்சிழுப்பதுபோல ஒரு சத்தம். வேகம் கூடினமாதிரித்தான் இருந்தது. பெற்றோலும் மிச்சமாம், பவரும் கூடுமாம்.

நான் சத்தத்தை நம்புகிறவன் இல்லை. ஏசியில் கூடச் சத்தம் போடும் பெட்டி குளிர்மையாக இருப்பதாக ஆட்கள் நினைப்பார்கள். கார்க் கம்பனி பெட்டியும் வளைந்த குழாய்களும் வைப்பது தூசிக்கு மட்டுமல்ல, இந்தச் சத்தத்தை விழுங்கவும்தான். பெட்டியைக் கழற்றினால் சத்தம் வெளியே வரும். பவரும் வருகிறதா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்க என்ன வேண்டும்? மீன் தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான ரியூப் நாலு மீற்றர், ஒரு பலகைத்துண்டு, தையல்காரரின் அளவு நாடா, வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, மூன்று வாய் உள்ள ஒரு டி மூட்டு (இரண்டு வாய் காரின் றப்பர் குழாய் அளவுக்கு, பக்கவாய் அந்த ரியூப் அளவுக்கு). பலகையில் ரியூப்பை 'ப' எழுத்துப்போல வளைத்துக் கட்டுங்கள். இரண்டு கைகளும் 60 சென்ரிமீற்றர் உயரமாவது இருக்கட்டும். பாதிவரை தண்ணீர் விட்டு, உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் அளவு நாடாவை ஒட்டுங்கள். ஒரு கை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும், மற்றது காருக்குப் போகும். காருக்குப் போகிற வழியில் அந்த வெறும் போத்தலை மூடியோடு இடையில் வையுங்கள், மூடியில் இரண்டு துளை போட்டு, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து ஒரு ரியூப் உள்ளே வர, மற்ற ரியூப் காருக்குப் போக. தப்பித்தவறித் தண்ணீர் இழுபட்டால் போத்தலில் விழும், என்ஜினுக்குள் போகாது. இந்தப் போத்தலை யாரும் சோம்பலில் விட்டுவிட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு (கொனெக்டிங் ரொட்) வளையும்.

காரில் எங்கே பூட்டுவது? பில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் (மிதிக்க மிதிக்கத் திறந்து காற்றை விடும் தகடு) நடுவில். 121இல் வால்வு கவரிலிருந்து (என்ஜினின் மேல்மூடி) காற்று உள்ளே போகும் இன்டேக் குழாய்க்கு ஒரு தடித்த றப்பர் குழாய் வருகிறது, அதற்கு நடுவில் டி மூட்டைப் போட்டேன். பக்கத்தில் இன்னொரு குழாய் மெனிபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் பகுதி) போகும், அதில் கைவைக்க வேண்டாம். அது த்ரொட்டிலுக்கு அங்கால். என்ஜின் சும்மா ஓடும்போது அங்கே பல மீற்றர் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சல் இருக்கும். எது சரி என்று சந்தேகமா? தண்ணீர் ரியூப்பை டி மூட்டில் பூட்ட முன், என்ஜினைச் சும்மா ஓடவிட்டு டி மூட்டின் வாயில் விரலை வையுங்கள். விரலைப் பிடித்து இழுத்தால் பிழையான குழாய். ஒன்றுமே தெரியாவிட்டால் சரியான குழாய்.

சும்மா நிற்கும்போது இரண்டு கையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் இருக்கும், அது பழுதில்லை. பெற்றோல் என்ஜினில் முழு மிதி மிதித்தால்தான் பில்டரில் தடை தெரியும். ஆகவே ஒருவர் ஓட்ட, ஒருவர் பலகையைப் பிடித்தபடி போனில் வீடியோ எடுக்க வேண்டும். நாங்கள் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனோம், விடிய ஐந்தரைக்கு, ரோட்டில் மாடுகூட இல்லாத நேரம். முதல் கியரிலேயே முழுதாக மிதித்து என்ஜினை நிமிடத்துக்கு 6000 சுற்று வரை விட்டால் போதும், வேகம் 50ஐத் தொடுவதற்குள் வேலை முடிந்துவிடும். நீர்மட்டம் துள்ளினால் காருக்குப் போகும் ரியூப்புக்குள் ஒரு சின்னப் பஞ்சுத்துண்டைச் செருகுங்கள், அடங்கும். மூன்று தரம் செய்து பாருங்கள். வாசிக்கும்போது இரண்டு மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஒரு கையில் ஏறினதை மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். மருமகன் முதல் நாள் அப்படித்தான் எழுதினான்.

எங்கள் கணக்கு இதுதான். பழைய கடதாசிப் பில்டரோடு கம்பனிப் பெட்டி: 19 சென்ரிமீற்றர். புதிய கடதாசிப் பில்டரோடு அதே பெட்டி: 14. கோன் பில்டர்: 8.

பார்த்தாயா மாமா, பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறதே என்று துள்ளினான். பொறு, கணக்கை முடிப்போம் என்றேன். வெளிக்காற்று நம்மை அழுத்தும் அழுத்தத்தைத் தண்ணீர் உயரமாகச் சொன்னால் ஏறத்தாழ 1033 சென்ரிமீற்றர். திருகோணமலை கடல்மட்டத்தில் இருப்பதால் அது முழுதாக நமக்குக் கிடைக்கிறது. அதில் கம்பனிப் பெட்டி தின்பது 14, அதாவது 1.4 வீதம். பெட்டி, குழாய், பில்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கடலில் எறிந்தாலும் அதற்குமேல் லாபம் வர வழியில்லை. கோன் பில்டர் மீட்டுக்கொடுத்தது 6 சென்ரிமீற்றர், 0.6 வீதம். அந்த 1497 சிசி என்ஜின் புதிதில் 109 குதிரை. 0.6 வீதம் என்றால் ஒரு முழுக் குதிரைகூட இல்லை, அதுவும் 6000 சுற்றில் மட்டும். நுவரெலியாவுக்கு ஏறினால் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கேதான் குறைவு என்ன என்று காலுக்குத் தெரியும். 0.6 வீதம் எந்தக் காலுக்கும் தெரியாது.

இதுவரை காற்றின் தடை. இனி என் தொழில், சூடு.

காற்று சூடாக இருந்தால் லேசாகும். ஒரே சிலிண்டருக்குள் குறைந்த எடைக் காற்றுத்தான் போகும், அதற்கேற்பத்தான் பெற்றோலையும் விட முடியும். நம் ஊர்ச் சூட்டில் பத்துப் பாகை கூடினால் அடர்த்தி 3 வீதத்துக்குச் சற்று மேல் குறையும். கம்பனிப் பெட்டியின் வாய் ரேடியேட்டருக்கு முன்னால் போய் வெளிக்காற்றை எடுக்கிறது. கோன் பில்டரோ என்ஜினுக்குப் பக்கத்தில் திறந்தபடி உட்கார்ந்து, ரேடியேட்டர் துப்பும் சூட்டைக் குடிக்கிறது.

ஐஸ் அறைக்குப் பாவிக்கும் வயர் வைத்த தெர்மோமீற்றரின் நுனியைப் பில்டருக்குப் பக்கத்தில் வைத்து, வயரை பொனெட் இடுக்கால் வெளியே எடுத்து, கண்ணாடி இடுக்கால் காருக்குள் விட்டோம். வெளியே 32 பாகை. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும்போது கம்பனிப் பெட்டிக்குள் 35, கோன் பில்டரடியில் 46. பஸ் நிலையத்தடி நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றபோது கம்பனிப் பெட்டி 43, கோன் 61. ஓடும்போதே 11 பாகை வித்தியாசம், அதாவது காற்றில் 3.4 வீதம் நட்டம். தடையில் மீட்டது 0.6. மிச்சக் கணக்கை நான் சொல்லவில்லை, அவனே போட்டான். தெர்மோமீற்றர் இல்லாதவர்கள், கார் புதிதென்றால், ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்பியூட்டரை வாசிக்கும் வாய்) செருகும் சின்னப் புளூடூத் கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டை வாசிக்கலாம்.

பெற்றோல் மிச்சம் என்ற கதைக்கு வருவோம். சாதாரணமாக ஓடும்போது நீங்கள் த்ரொட்டிலைக் கொஞ்சந்தான் திறக்கிறீர்கள். அந்தத் தகடு வேண்டுமென்றே காற்றை மறிக்கிறது. வாசற்கதவு முக்கால்வாசி மூடியிருக்கும்போது படலையை அகலமாக்கி என்ன பயன்? அதோடு, உள்ளே போகிற காற்றைச் சென்சர் அளந்து, ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற கணக்கில் கம்பியூட்டர் விடுகிறது. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துப் பார்த்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் பெற்றோல் செலவு கூடவில்லை, முழுதாக மிதித்தால் வேகமெடுப்பதுதான் மந்தமானது. அடைத்த பில்டரே பெற்றோலைத் தின்னவில்லை என்றால், திறந்த பில்டர் எதை மிச்சம் பிடிக்கும்? கார்பரேட்டர் வைத்த பழைய மொரிஸ் மைனர் மாதிரிக் கார்கள் வேறு கதை, அங்கே அடைப்பு பெற்றோலைக் கூட்டும்.

இந்த ஊருக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. ஆனி ஆடியில் கச்சான் காற்று (தின்னும் கச்சான் இல்லை, தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது கந்தளாய் ரோட்டில் ஒருமுறை போய் வந்து டாஷ்போர்டைத் துடைத்துப் பாருங்கள். அது பில்டருக்கும் போகிறது. கடற்கரை மணல் பெரும்பாலும் குவாட்ஸ். புல்மோட்டைப் பக்கம் இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் கலந்த கருமணல் வேறு. குவாட்ஸும் சேர்கோனும் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானவை. பருத்திக் கோன் பில்டர்கள் காற்றை லேசாக விடுவதற்குத் துளைகள் பெரிதாக இருப்பதும் ஒரு காரணம். துளையை எண்ணெய்ப் பசைதான் ஈடுசெய்கிறது. எண்ணெய் காய்ந்தால் தூசி போகும், கூடிப் போனால் எண்ணெய் போகும். மருமகன் பில்டரைக் கழுவி, பாசத்தில் எண்ணெயை அள்ளி ஊற்றிவிட்டான். காற்றை அளக்கும் சென்சரின் மெல்லிய கம்பியில் அது படிந்து, கார் சிக்னலில் நின்றால் நடுங்கத் தொடங்கியது. அதற்கென்றே விற்கும் ஸ்பிரே அடித்து, காயவிட்டுப் பூட்டினோம். கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடக்கூடாது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை விடாததால், நம் ஆட்கள் கையிலிருக்கும் காரைப் பிள்ளைபோலப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அந்த என்ஜினுக்கு மணல் தீத்த வேண்டுமா?

சூட்டுக்குப் பயந்து குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கிக் குளிர்காற்று எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடு குறையும், உண்மை. ஆனால் மார்கழி மழையில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர் இது. போத்தல் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் கோன் பில்டர் எல்லாமே ஏமாற்றா? இல்லை. டேர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) வைத்த என்ஜினில், கேம், எக்ஸோஸ்ட், கம்பியூட்டர் எல்லாம் மாற்றிக் காற்றின் தேவையே கூடின என்ஜினில், கம்பனிப் பெட்டி உண்மையாகவே போதாமல் போகலாம். அங்கேயும் பில்டரைச் சூட்டிலிருந்து மறைக்கும் மூடிய பெட்டியோடு வருவதை வாங்குங்கள். உங்கள் கார் அந்த வகையா என்பதை விற்கிறவரிடம் கேட்க வேண்டாம், ரியூப்பிடம் கேளுங்கள். 20 சென்ரிமீற்றருக்குள் என்றால் பெட்டியை விட்டுவிடுங்கள். 40, 50 காட்டினால் எங்கேயோ அடைப்பு. தெரிந்த ஒருவரின் டீசல் வான் கரும்புகை தள்ளியது, இன்ஜெக்டர் என்று எல்லாரும் சொன்னார்கள். ரியூப்பை வைத்தால் தண்ணீர் 50ஐத் தாண்டியது. கழற்றினால் முன்குழாய்க்குள் அணில் தும்பும் பஞ்சும் இழுத்து வந்து கூடு கட்டியிருந்தது. இரண்டு குஞ்சு வேறு. அவற்றைப் பெட்டியில் எடுத்து மாமரத்தடியில் வைத்தோம், வானும் புகையை நிறுத்தியது.

சாதாரண காருக்கு நான் செய்வது மிகக் கொஞ்சம். நல்ல கடதாசிப் பில்டர், கச்சான் காலம் முடிந்ததும் ஒன்று புதிதாக. பெட்டியின் மூடி எல்லாப் பக்கமும் கிளிப்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். மூடிக்கு அங்கால் பெட்டியின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். மண் வந்தால் பில்டர் ஓரத்தால் காற்று களவாகப் போகிறது. முன்வாய்க் குழாய் உடைந்தோ கழன்றோ கிடக்கிறதா என்றும் பார்ப்பேன். பழைய கார்கள் பலவற்றில், எப்போதோ பம்பர் வேலை செய்தபோது கழற்றி, திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். அந்தக் கார்கள் காசு கொடுக்காமலே கோன் பில்டரின் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

மருமகனின் சிவப்புப் பில்டர் இப்போது என் கடையில் கொம்பிரசரின் வாயில் இருக்கிறது, அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசியாக, சோதனை முடிந்ததும் டி மூட்டைக் கழற்றி அந்த றப்பர் குழாயை முந்தியபடி பூட்டி, கிளிப்பைப் போட மறக்க வேண்டாம். நான் ஒருநாள் மறந்து வீட்டுக்கு வந்தேன். சென்சர் காணாத காற்று அந்த வாயால் போய், கார் சந்திக்குச் சந்தி நின்று நின்று எழும்பியது. கோன் பில்டரைக் கழற்றினதுதான் காரணம் என்று அவன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.