தீபத்துக்கு டியூட்டி போகும் பாராமெடிக்கல் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலை தீபத்துக்கு முகாம் டியூட்டி போட்டிருக்கிறார்களா? முதல் நாளே 14 கி.மீ. கிரிவலப் பாதையை நடந்து பார்த்துவிடுங்கள். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களும் வரிசையாக மனப்பாடம் ஆக வேண்டும். "யம லிங்கம் தாண்டி, இடப்பக்கம்" என்று சொன்னால்தான் ஸ்ட்ரெச்சர் சரியாக வந்து சேரும்.

மயங்கி விழுகிறவர்களில் விரதமிருக்கும் சர்க்கரைக்காரர்களும் இருப்பார்கள். மாத்திரை போட்டிருப்பார்கள், சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மூச்சும் நாடியும் பார்த்த கையோடு குளுக்கோமீட்டரை எடுங்கள். விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். சர்க்கரைப் பொங்கல் ஒட்டிய விரல் பொய்க் கணக்கு காட்டும். சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே, நல்ல நினைவோடு இருந்தால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லையா, வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். யாராவது பாட்டி சோடாவோடு வருவார், பக்குவமாகத் தடுங்கள். அப்புறம், வெறுங்கால் கொப்புளங்களுக்குக் காஸ் துணி கூடுதலாக எடுத்துப் போங்கள்.